லோ வோல்டேஜ் தேர்வில் நான் வாயைத் திறந்தது பற்றி அண்ணிக்கு

என் பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் நாத்தனார் வணங்கி எழுதுவது. இவ்விடம் அப்பா, அம்மா, தங்கள் கணவர், நான் ஆகிய நால்வரும் சுகமாக இருக்கிறோம். அவ்விடம் தாங்களும், கேபிள் முனைக்குத் தலை மாட்டும் தங்கள் கிரிம்பிங் டூலும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். தாங்கள் இல்லாத குறை எதுவும் இங்கு தெரியவில்லை. யாரும் ஏங்கவில்லை. வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

கடிதம் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டுமாம் அண்ணி. நான் பிறந்ததிலிருந்து ஒரு கடிதமும் எழுதியதில்லை, அதனால் வீடியோ தேடினேன். முதலில் வந்தது விடுப்பு விண்ணப்பம். பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தேன், ஒன்றரை மடங்கு வேகத்தில் வேறு ஓடவிட்டிருந்தேனா, "கடும் காய்ச்சல் காரணமாக" என்ற வரிக்கு வந்த பிறகுதான் இது வேறு கடிதம் என்று உறைத்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். இது மூணாவது தாள். இதுக்கு மேல சுத்தத் தமிழ்ல எழுத என் பேட்டரி தாங்காது, நம்ம பேசற மாதிரியே எழுதிடறேன்.

கையில ஃபோன் இருக்கே, எதுக்குடி கடிதம்னு கேப்பீங்க. ஃபோன்ல பேசினா என் ஹலோவிலேயே நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. மெசேஜ் அனுப்பினா டிக் நீலமாகற வரைக்கும் எனக்கு மூச்சு ஓடாது. நீலமானப்புறம் நீங்க டைப் பண்றீங்கன்னு காட்டும், நிக்கும், திரும்பக் காட்டும், நிக்கும், கடைசியில ஒரு கட்டைவிரல் வரும். இந்த விஷயத்துக்கு அந்தக் கட்டைவிரலை என்னால தாங்க முடியாது. கடிதத்துக்கு டிக் கிடையாது. நீங்க படிச்சு அழறீங்களா, என்னைத் திட்டறீங்களான்னு எனக்குத் தெரியவே தெரியாது. அந்த நிம்மதிக்காகத்தான் பேனா வாங்கினேன்.

விஷயம் இதுதான். லைசென்ஸ் வராது. இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லி உங்க கம்பெனியில ஒரு பேப்பர் நீட்டினாங்களே, அதுல கையெழுத்துப் போட்டுடுங்க.

எப்படிப் போச்சுன்னு சொல்ல வேண்டியது என் கடமை. ஆரம்பத்துலேருந்து சொல்றேன், ஏன்னா ஆரம்பத்துலேருந்தே கோணலாத்தான் போச்சு. நீங்க கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்போ, அண்ணியும் நாத்தனாரும் எப்போ முட்டிக்கப் போறாங்கன்னு சொந்தக்காரங்க எல்லாம் வேடிக்கை பாக்க உக்காந்திருந்தாங்க. நாம என்னடான்னா ஏணிய ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிட்டு பல் டாக்டர் கிளினிக்குக்கு இன்டர்காம் மாட்டப் போயிட்டோம். கேமரா, காலிங் பெல், நெட்வொர்க் கேபிள், கார்டு காட்டினா திறக்கற கதவு, இப்படிச் சின்ன வோல்டேஜ் கரண்ட்ல ஓடற எல்லாமே நம்ம வேலை. நீங்க கேபிளை வாரி, சிக்கெடுத்து, ரேக்குக்குள்ள ஜடை பின்னற மாதிரி கட்டி வெப்பீங்க. நான் அத ஃபோட்டோ எடுத்து நம்ம பேஜ்ல போடுவேன். "இது கையா மெஷினா"ன்னு முன்பின் தெரியாதவங்க எல்லாம் ஹார்ட்டு போடுவாங்க. உங்க முதல் ரசிகை நான்தான், இத எந்தக் கோர்ட்ல வேணாலும் ஏறிச் சொல்லுவேன். அப்புறம்தானே அந்தப் புது விதி வந்தது, லைசென்ஸ் இல்லாதவங்க காசு வாங்கிக்கிட்டு ஒரு காலிங் பெல் கூட மாட்டக் கூடாதுன்னு. நம்ம ஏணி மாடிப்படிக்கு அடியில போச்சு. நீங்க லைசென்ஸ் உள்ள கம்பெனியில சேந்து, பகல் பூரா பஸ்ல உக்காந்து போக வேண்டிய ஊர்ல, ஏதோ சர்வர் கட்டடத்துக்குக் கேபிள் இழுக்கப் போனீங்க.

பஸ் கிளம்பறப்போ ஜன்னல் வழியா சொன்னீங்களே, நினைவிருக்கா? "ஏய் பன்னெண்டு வோல்ட்டு, நீ பரீட்சைய எழுது. அனுபவத்துக்கு நான் கையெழுத்துப் போடறேன். ரெண்டையும் சேத்து விதிப்படி ஒரு லைசென்ஸ் தருவாங்க. வந்த அன்னிக்கே நான் வந்துடறேன்." பன்னெண்டு வோல்ட்டுன்னு எனக்குப் பேர் வெச்சதும் நீங்கதான், தொட்டா அடிக்காது, சத்தம் மட்டும் நிறைய வரும்னு. நீங்களே ஏன் பரீட்சை எழுதலன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. ஏணி உச்சியில ஒத்தக் கால்ல நின்னு ட்ரில் போடற ஆள், பரீட்சை ஹால் வாசல்ல பெஞ்சு வரிசையப் பாத்தே மயங்கி விழுந்து, வாட்ச்மேன் தண்ணி தெளிச்சு எழுப்பினாரு. அதனால எழுத வேண்டியது நான். நான் பாஸானா நீங்க வருவீங்க. கணக்கு அவ்வளவுதான்.

சரின்னு படிக்க உக்காந்தேன். என் வாத்தியாருங்க எல்லாரும் ஃபோனுக்குள்ளதான் இருக்காங்க. ஒருத்தருக்குக் கை மட்டும் தெரியும். இன்னொருத்தருக்கு மூக்குக்குக் கீழ மட்டும் தெரியும். நடுநடுவுல தலைக்கு எண்ணெய் விளம்பரம் வரும். முதல் பாடமே பூட்டு. கரண்ட் போனா தானா திறந்துக்கற பூட்டு ஒண்ணு, கரண்ட் போனாலும் பூட்டியே கிடக்கற பூட்டு ஒண்ணு, எந்தக் கதவுக்கு எதுன்னு கேள்வி. எனக்கு ரெண்டும் குழம்பிக்கிட்டே இருந்தது. செஞ்சு பாத்தாத்தான் மண்டையில ஏறும்னு ரெண்டாவது ரகத்தை எடுத்து பாத்ரூம் கதவுல மாட்டினேன். எந்தப் பூட்டா இருந்தாலும் உள்பக்கக் கைப்பிடி எப்பவும் திறக்கணும்ங்கறது விதி. அந்தக் கைப்பிடிய நான் துரு போகறதுக்காகக் கழட்டி எண்ணெயில ஊற வெச்சிருந்தேன். அப்பா துண்டோட உள்ள போனார். பூட்டு க்ளிக்குனு விழுந்தது. சத்தியமா அண்ணி, அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கைதட்டணும் போல இருந்தது. அடுத்த நிமிஷம் தெருவுக்கே கரண்ட் போச்சு.

"ஏம்மா, லைட்டு போயிடுச்சு" அப்படின்னார் அப்பா உள்ளேயிருந்து.

"தெருவுக்கே போச்சுப்பா."

"சரி, நான் வெளிய வரேன்."

"வர முடியாதுப்பா."

"ஏன், விருந்தாளி யாராவது வந்திருக்காங்களா?"

"அதெல்லாம் இல்லப்பா. கரண்ட் வந்தாத்தான் நீங்க வர முடியும்."

உள்ள இருட்டுல கதவைத் தடவற சத்தம் கேட்டது. அப்புறம், "கரண்ட் எப்போ வரும்?"

"உங்களுக்குக் கொஞ்சம் முன்னாடி வரும்பா."

அம்மா கரண்டியோட ஓடி வந்து அண்ணன்கிட்ட, "உடைடா கதவை" அப்படின்னாங்க. அண்ணன் கதவைத் தடவிப் பாத்துட்டு, "இது வீட்டுக்காரரோட கதவும்மா, அப்பான்னா நம்ம அப்பா, சமாளிச்சுக்கலாம்" அப்படின்னான். அப்பா உள்ளேயிருந்தே கத்தினார்: "யாரும் உடைக்காதீங்க! என் மருமகளுக்கு ஃபோன் போடுங்க. அவ சொன்னா இது திறக்கும்!" உங்களுக்கு எங்க ஃபோன் போடறது? நீங்க ஃபோனை வாசல்ல குடுத்துட்டுத்தான் அந்தக் கட்டடத்துக்குள்ளயே போக முடியும். கடைசியில நீங்க விட்டுட்டுப் போன டூல்ஸ் பையில கிடந்த பழைய பேட்டரிய எடுத்து, பூட்டுக்குப் போற ஒயர்ல தொட்டேன். திறந்துடுச்சு. அப்பா துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு வெளிய வந்து, கோபமே படாம, "கேள்விக்கு விடை கிடைச்சுதாம்மா?"ன்னு கேட்டார்.

"கிடைச்சுதுப்பா. ஆள் உள்ள இருக்கற கதவு எப்பவும் உள்ளேருந்து திறக்கணும்."

"இத புத்தகத்துலேயே போட்டிருப்பானே."

"போட்டிருக்கான்பா. படிச்சேன். நம்பிக்கைதான் வரல."

அடுத்தது லேபிள். ஒவ்வொரு கேபிளுக்கும் ரெண்டு முனையிலயும் பேர் ஒட்டணும், ஒரு முனையில மட்டும் ஒட்டினா ஒட்டாததுக்குச் சமம், மார்க்கு கிடையாது. கை பழகணும்னு வீட்ல கண்ணுல பட்டதுக்கெல்லாம் லேபிள் அடிச்சேன். அப்பாவோட மூக்குக் கண்ணாடியில "அப்பா மேல்", செருப்புல "அப்பா கீழ்". அண்ணன் ஹெல்மெட்ல ஒண்ணு, அவன் சாக்ஸ்ல ஒண்ணு. அம்மா மட்டும், "எனக்கு ஒட்டினா நாளைக்கு நீயே சமைச்சுக்க" அப்படின்னு சொல்லிட்டாங்க, விட்டுட்டேன். அப்புறம் அலமாரியில உங்க டம்ளர் இருந்தது. அதுலயும் ஒட்டினேன். ஒட்டிட்டு இன்னொரு லேபிளக் கையில வெச்சுக்கிட்டு வீடு பூரா சுத்தி வந்தேன் அண்ணி. இன்னொரு முனைன்னு ஒட்ட இங்க எதுவும் கிடைக்கல. அந்த லேபிள் இன்னும் என் ஃபோன் கவர் பின்னாடிதான் ஒட்டியிருக்கு.

ஆனா நிஜமா என்னைப் படுத்தினது நம்ம கீச்சுப்பெட்டிதான். ஒயரோட ஒரு முனையில பெட்டிய மாட்டினா அது கீச்சுகீச்சுனு சத்தம் அனுப்பும், மறு முனையில கூட்டமா தொங்கற ஒயருங்க கிட்ட குச்சிய நீட்டினா, எந்த ஒயர்ல கீச்சு கேக்குதோ அதுதான் நம்ம ஒயர். தனியா செஞ்சா இந்தப் பக்கம் மாட்டிட்டு அந்தப் பக்கம் ஓடணும், இல்லன்னு தெரிஞ்சா திரும்ப இந்தப் பக்கம் ஓடி வரணும். நமக்கு அந்த ஓட்டமே தெரியாது. நான் இங்கேருந்து "அண்ணி, வருதா?"ம்பேன். அங்கேருந்து "வரல, அடுத்ததுல போடு"ம்பீங்க. "வருதா?" "வந்துடுச்சு, டேக் போட்டுடு." காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நாம பேசினதே இந்த நாலு வார்த்தைதான். ஆனா நீங்க "வரல"ங்கற விதத்துலேயே உங்களுக்குப் பசிக்குதா, முதுகு வலிக்குதா, அண்ணன் மேல கோபமான்னு எனக்குத் தெரிஞ்சிடும். இப்போ மறு முனைக்கு ஆள் வேணுமே! மாடித் தையல்காரம்மாகிட்ட அனுமதி வாங்கி, நம்ம கட்டடத்துல செத்துக் கிடக்கற பழைய பெல் ஒயர்ல பழகலாம்னு இறங்கினேன். குச்சியக் குடுத்து அம்மாவை அந்தப் பக்கம் நிறுத்தினேன்.

"வருதாம்மா?"

"வந்தா சொல்ல மாட்டேனா? நீ கத்தாதே, அக்கம்பக்கம் என்ன நினைக்கும்?"

அடுத்தது அண்ணன். அவன் குச்சியக் காதுல வெச்சுக்கிட்டு, "இதுல பாட்டெல்லாம் வராதா?"ன்னு கேட்டான். அவனையும் அனுப்பிட்டேன். கடைசியா அப்பா வந்தார். எனக்கே ஆச்சரியம், எது போட்டாலும் உடனே பதில். "வருதாப்பா?" "வருதும்மா!" "இது?" "இதுவும் வருது!" அவ்வளவு வேகமா நீங்களும் நானும் கூட முடிச்சதில்ல. எல்லாத்துக்கும் டேக் போட்டு, பெல்லெல்லாம் மாட்டி, நிமிந்து நின்னேன். மறுநாள்லேருந்து நம்ம வாசல்ல யார் பட்டனை அமுக்கினாலும் மாடியில அடிக்குது. தையல்காரம்மா அளவு டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டே இறங்கி வந்து, "சட்டையா பேன்ட்டா?"ன்னு கேக்கறாங்க. தபால்காரர் நமக்கு வந்த கவரைக் குடுக்க வந்தவர், என்ன நினைச்சாரோ, ஒரு பேன்ட்டுக்கு அளவு குடுத்துட்டுப் போயிட்டாரு. நான் அப்பாகிட்ட போனேன்.

"உண்மையச் சொல்லுங்கப்பா. அன்னிக்கு நிஜமாவே கீச்சு சத்தம் கேட்டுச்சா?"

அப்பா பேப்பரை மடிச்சார். "எனக்கு அந்த மாதிரி மெல்லிசு சத்தமெல்லாம் காதுல விழறதில்லம்மா."

"அப்புறம் ஏன்பா வருது வருதுன்னீங்க?"

"நீ அவ்வளவு ஆசையா கேக்கறே. வரலன்னு எப்படிம்மா சொல்றது?"

எல்லாத்தையும் அவுத்துட்டு, தனியா, அங்கயும் இங்கயும் ஓடி ஓடி, திரும்ப மாட்டினேன்.

இதுக்கப்புறம் சென்சார் பாடம். ஆள் அசைஞ்சா கண்டுபிடிச்சு டிங்டாங் அடிக்கற சென்சார் இருக்கே, அத நடையில மாட்டினேன், உங்க டூல்ஸ் பை ஆணியில தொங்குதே, அதுக்கு எதிர்ல. மாட்டின நாள்லேருந்து தொல்லை. ஆளே இல்லாத நேரத்துல அடிக்குது. நான் ரூமுக்குள்ள படிச்சிட்டிருப்பேன், வெளிய டிங்டாங். எட்டிப் பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க. சும்மா அடிக்கற அலாரத்துக்குப் புத்தகத்துல நாலு காரணம் போட்டிருக்கு, நேர் வெயில், சூடான காத்து, ஆடற திரை, வீட்டு மிருகம். ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டினேன். ஃபேனை நிறுத்தினேன், எல்லாரும் வேர்த்து வழிஞ்சாங்க. திரையை அவுத்து அம்மாகிட்ட திட்டு வாங்கினேன். கீழ் வீட்டுப் பூனையை வெளியே விடாதீங்கன்னு போய்ச் சொன்னேன், அவங்க பூனை செத்துப் போய் ரொம்ப நாளாச்சாம், அழுதுட்டாங்க. அப்படியும் டிங்டாங். ஒரு மதியம் படிக்கற மாதிரி கதவைச் சாத்திட்டு, சாவி துவாரம் வழியா பாத்தேன்.

அண்ணன். சாப்பாட்டுக்கு வந்தவன், இன்னும் கை கூட கழுவல. உங்க பை முன்னாடி நிக்கறான். ஜிப்பைத் திறந்தான். உங்க கையுறை ஒண்ணை எடுத்தான், விரலையெல்லாம் நேராக்கினான், திரும்ப உள்ள வெச்சான். ஜிப்பை மூடினான். டிங்டாங். நான் கதவைத் திறந்ததும் ஒரு அடி தள்ளி நின்னுக்கிட்டு சென்சாரை முறைக்கறான்.

"என்னடி மாட்டியிருக்கே? சும்மா சும்மா அடிக்குது. உனக்கு வேலையே தெரியல."

"ஆமாண்ணா. மிஸ்டேக்கா அடிக்குது."

"சரி பண்ணு. எரிச்சலா இருக்கு." போயிட்டான்.

அவன் மட்டும்னா பரவால்ல. சாயங்காலம் அம்மா வந்து பையில தூசி தட்டினாங்க, தூசியே இல்லாத பையில. அப்பா வந்து சும்மா நின்னுட்டுப் போனார். நான் எத்தனை தடவை அடிக்க வெச்சேன்னு எழுத மாட்டேன். சென்சாரைக் கழட்டிட்டேன் அண்ணி. அது வேலை செய்யலன்னு இல்ல. அந்த மாதிரி நல்லா வேலை செய்யற சென்சாரை நான் பாத்ததே இல்ல.

கடைசிப் பாடம் அலாரம் லைன். இது உங்களுக்குத் தூக்கத்துலகூடத் தெரியும். லைனோட கடைசி முனையில அரிசி மாதிரி ஒரு குட்டி ரெசிஸ்டர் வெக்கணும். அது அங்க இருக்கற வரைக்கும், இந்த முனையில சுவத்துல மாட்டின அலாரம் பெட்டி, அதான் பேனல், அதுக்கு லைன் உயிரோட இருக்குன்னு தெரியும், பச்சை விளக்கு எரியும். நடுவுல எங்க அறுந்தாலும் பேனல் உடனே கண்டுபிடிச்சிடும். ஆனா அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல் பட்டு, அந்த ரெசிஸ்டரை பேனலுக்குள்ளேயே வெச்சு மூடிட்டுப் போறவங்களும் இருக்காங்களாம். பச்சை விளக்கு எரியும். ஒயரை எலி கடிச்சாலும் எரியும். ஒயரே இல்லாட்டியும் எரியும். இத படிச்சிட்டிருக்கும்போதுதான் உங்க ஃபோன் வந்தது.

"சாப்டாச்சா எல்லாரும்?" அப்படின்னீங்க.

"சாப்டோம் அண்ணி. நீங்க?"

"ம். நான் நல்லாத்தான் இருக்கேன்."

நல்லாருக்கீங்களான்னு நான் கேக்கவே இல்ல அண்ணி. அதுக்குள்ள பதில் வந்துடுச்சு. நான் ஃபோனை அம்மாகிட்ட குடுத்தேன், அம்மா, "இங்க ஒரு குறையும் இல்லம்மா" அப்படின்னாங்க. அப்பா, "ஜம்முன்னு இருக்கோம்" அப்படின்னார். அண்ணன், "ம், ம், வேறென்ன" அப்படின்னான். ஆளுக்கொரு பச்சை விளக்கைக் காட்டிட்டு ஃபோனை வெச்சுட்டோம். அப்புறம் நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காம டிவியப் பாத்தோம். டிவி போடவே இல்ல.

அன்னிக்குத்தான் வெறி வந்தது. எப்படியும் பாஸாகிடணும்னு. விழுந்து விழுந்து படிச்சேன். எழுத்துத் தேர்வு கம்ப்யூட்டர்ல, அதுல எனக்கு ஒண்ணும் பயமில்ல. அந்தப் பாத்ரூம் பூட்டு அப்படியே கேள்வியா வந்தது, அப்பாவை மனசுல கும்பிட்டுட்டு விடை போட்டேன். மத்தியானம் செய்முறை. பெரிய ஹால், நடுவுல உசரமா பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் நான், ஒயர் கத்தை, கீச்சுப்பெட்டி. ஒயரெல்லாம் தடுப்புல துளை போட்டு அந்தப் பக்கம் போகுது. நான் இங்க மாட்டிட்டு, சுத்தி நடந்து அந்தப் பக்கம் போய், குச்சிய வெச்சுக் கண்டுபிடிக்கணும். அந்தப் பக்கம் ஒரு தேர்வாளர் மேஜை போட்டு உக்காந்திருக்காரு, குச்சி அவர் மேஜை மேல. சுவத்துல பெரிய எழுத்துல போட்டிருக்கு, செய்முறையின்போது பேசினால் தேர்வு செல்லாதுன்னு. ஊசி விழுந்தா கேக்கற அமைதி. நான் பெட்டிய மாட்டினேன். பெட்டி கீச்சுன்னுச்சு. அவ்வளவுதான் அண்ணி, எனக்கு இடம், பரீட்சை, விதி எதுவும் நினைவில்ல. தலையைத் தூக்கி முழு சத்தத்துல கேட்டுட்டேன்:

"அண்ணி, வருதா?"

ஹாலே திரும்பிப் பாக்குது. அப்போ தடுப்புக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஒரு கரகரப்பான ஆம்பளைக் குரல்:

"வரல. அடுத்ததுல போடு."

என் கை இருக்கே, அது என்னைக் கேக்கவே இல்ல. அடுத்ததுல போட்டுடுச்சு. "வருதா?"

"ம், வந்துடுச்சு. டேக் போட்டுடு."

டேக் போட்டேன். அதுக்கப்புறம்தான் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல சுவத்து எழுத்து நினைவுக்கு வந்தது. தடுப்பைச் சுத்திக்கிட்டு அவர் மெதுவா வந்தாரு. பெரியவர், சட்டைப் பையில மூணு பேனா, விரலெல்லாம் நம்மள மாதிரியே பழைய ஒயர் கீறல். கையில குச்சி இன்னும் இருக்கு, அத எப்போ எடுத்தோம்னு அவருக்கே தெரியாத மாதிரி பாக்கறாரு.

"யார்கிட்டம்மா பேசினே?"

"எங்க அண்ணிகிட்ட சார்."

"எங்க இருக்காங்க?"

"வேற ஊர்ல சார்."

அவர் குச்சியப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "அப்போ நான் யார்கிட்ட பேசினேன்?"

"தெரியல சார்."

"பேசக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"ஆமா சார்."

"ரெண்டு பேருக்கும்தான் போட்டிருக்கு" அப்படின்னு ரொம்பத் தாழ்ந்த குரல்ல சொன்னாரு. அதோட முடிஞ்சிருக்கும். ஆனா பக்கத்து வரிசையில ஒருத்தன் கையைத் தூக்கி, "சார், அந்தப் பொண்ணு பேசிச்சு, நான் கேட்டேன்" அப்படின்னான். பள்ளிக்கூடத்துலேருந்தே இந்த மாதிரி ஒருத்தன் எனக்கு வாய்ச்சிடறான். அவர் தலையை ஆட்டிட்டு, எதையோ எழுதிக்கிட்டு, "மீதிய நடந்து போய்ப் பாத்து முடிச்சிடும்மா" அப்படின்னு போயிட்டாரு. முடிச்சேன். ஒண்ணு விடாம சரியா முடிச்சேன். அதான் இன்னும் வயித்தெரிச்சல்.

ஆக அண்ணி, செல்லாதுன்னுதான் வரும். அடுத்த தேர்வு எப்போன்னு அறிவிப்பே இல்ல. அதுவரைக்கும் உங்களைக் காக்க வெக்கறது நியாயமில்ல. அந்த வேலையாவது உங்க கையில நிக்கட்டும். கையெழுத்துப் போடுங்க. நான் வாயை மூடிப் பழகிக்கிட்டு திரும்ப எழுதறேன். நீங்க எங்களப் பத்தி ஒண்ணும் யோசிக்காதீங்க, அங்க ரேக்கை ஜடை பின்னுங்க, முடிஞ்சா வெளிய வந்ததும் நினைவுலேருந்து ஒரு படம் வரைஞ்சாவது அனுப்புங்க, பேஜ்ல எல்லாரும் கேக்கறாங்க. கேக்கறவங்கள்ல பாதிப் பேர் நானேதான், வேற வேற பேர்ல.

அப்பா தன் ஆசிகளைத் தெரிவிக்கச் சொன்னார். அம்மா, தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள். தங்கள் கணவர் எதுவும் சொல்லச் சொல்லவில்லை, ஆனால் நான் எழுத ஆரம்பித்ததிலிருந்து தண்ணீர் குடிக்கும் சாக்கில் இந்த மேஜையைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறார்.

என்றும் தங்கள் பணிவுள்ள நாத்தனார்,
பன்னெண்டு வோல்ட்டு

பின்குறிப்பு: கவரை ஒட்டிட்டேன், செருப்பும் போட்டாச்சு, தபால் பெட்டிக்குக் கிளம்பறேன், அப்போ ஃபோன்ல மெசேஜ். ரிசல்ட் வந்துடுச்சாம். நாலு பேரும் ஃபோனைச் சுத்தி நிக்கறோம், பக்கம் திறக்காம அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. அப்பா, "ஏம்மா இப்படிச் சுத்துது?" அம்மா, "பாஸா ஃபெயிலா, ரெண்டுல ஒண்ணு சொல்லித் தொலை, அடுப்பு எரியுது." அண்ணன் திரையை விரலால இழுத்து இழுத்து விடறான். திறந்தது. பாஸ், அண்ணி! எழுத்து பாஸ், செய்முறை பாஸ்! என் நம்பர்தானான்னு நாலு பேரும் தனித்தனியா பாத்தோம், அப்பா கண்ணாடிய மாத்திப் போட்டுக்கூடப் பாத்தார். ஏன் பாஸ் போட்டீங்கன்னு நான் போய்க் கேக்கப் போறதில்ல. கேட்டா இன்னொரு தடவை பாத்துடுவாங்க.

அதனால மேல எழுதினது எல்லாம் ரத்து. குறை ஒண்ணும் இல்லன்னு எழுதினது ரத்து, யாரும் ஏங்கலன்னு எழுதினது ரத்து. கையெழுத்து எதுலயும் போடாதீங்க, பேனாவையே தொடாதீங்க. கவரைக் கிழிச்சு இத எழுதிட்டிருக்கும்போது அண்ணன் வந்து கேட்டான், "இந்த லெட்டர் போய்ச் சேர எவ்வளவு நாளாகும்?" நான், "ரெண்டு மூணு நாளாகும்ணா" அப்படின்னேன். "பஸ்ஸு அதை விட சீக்கிரம் போகும்" அப்படின்னு சொல்லிட்டு உள்ள போனான். இப்போ வாசல்ல நிக்கறான், சட்டைப் பட்டனை ஒண்ணு தள்ளிப் போட்டுக்கிட்டு, நான் முடிக்கறதுக்காகக் காத்துக்கிட்டு. நீங்க இத படிக்கும்போது அவன் உங்க எதிர்ல நின்னு எங்கயோ பாத்துக்கிட்டு, இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன், அப்படியே எட்டிப் பாத்தேன்னு சொல்லுவான். நம்பாதீங்க. அந்த ஊர்ல அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது. போற பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு விசாரிச்சானே தவிர, திரும்பற பஸ்ஸைப் பத்தி அவன் யார்கிட்டயும் கேக்கல. நீங்கதான் கேட்டுக் கூட்டிட்டு வரணும்.